பையன் கண்ணில் தெரியும் அந்தப் புள்ளி

உங்கள் கடிதத்தில் எதிர் மாடி செல்போன் டவருக்கு அரைப் பக்கம், போன வருடம் மகன் கீழே விழுந்தபோது எடுத்த தலை சி.டி. ஸ்கேனுக்கு அரைப் பக்கம். திருவிழாக் கடையில் வாங்கிய பச்சை லேசர் லைட்டை அவன் கண்ணுக்கு நேரே அடித்துப் பார்த்தான், நான்கு நாளாக போர்டில் எழுத்து நடுவில் மறைகிறது என்கிறான் என்பது மட்டும் கடைசி வரியில். அம்மா, அந்தக் கடைசி வரிக்காக நாளைக் காலையே விழித்திரை பார்க்கும் கண் மருத்துவரிடம் போங்கள்.

டவரையும் செல்போனையும் விட்டுவிடுங்கள். அந்த ரேடியோ அலைகளுக்கு விழித்திரையைச் சுடும் வலு இல்லை. எக்ஸ்ரே கதிர் கண்புரையை உண்டாக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குச் சுமார் 500 மில்லிகிரே (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு) சேர வேண்டும் என்று சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் சொன்னது. ஒரு தலை ஸ்கேனில் கண்ணுக்குப் போவது ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கு. டாக்டர் கேட்டு எடுத்ததற்காக வருந்தாதீர்கள்.

லேசர் வேறு. வெல்டிங்கைப் பார்த்தால் அன்று ராத்திரியே கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தும். அது கண்ணின் மேற்பரப்பில் பட்ட காயம், பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். லேசரில் வலியே இருக்காது. கண் சிவக்கவும் சிவக்காது. விழித்திரைக்கு வலி தெரியாது என்பதுதான் ஆபத்து. நாம் எழுத்தைப் படிக்கும் அந்த நடு இடத்திலேயே, கண்ணின் வில்லை ஒளியை ஊசிமுனையாகக் குவித்துவிடும். 5 மில்லிவாட்டுக்குக் கீழ் என்று ஸ்டிக்கர் ஒட்டிய மலிவு லைட்டுகள் பல, அதைவிடப் பல மடங்கு வலுவானவை. 'எழுத்து மேல எறும்பு உட்கார்ந்திருக்கு டாக்டர்' என்று என்னிடம் ஒரு பையன் சொன்னான். ஸ்கேனில் பார்த்தால் சரியாக நடுவில் ஒரு சின்னத் தீய்ந்த தழும்பு.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நடுவில் ஒரு புள்ளி வைத்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி அதையே பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் மறு கண். இரண்டும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். கட்டம் காணாமல் போனாலோ கோடு வளைந்தாலோ டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். எல்லாம் சரியாகத் தெரிகிறது என்றாலும் போவதை நிறுத்தாதீர்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை இன்றே நிறுத்துங்கள். கண்ணுக்கு உள்ளே பட்ட சூட்டை மேலே ஊற்றுகிற மருந்து எப்படி ஆற்றும்? அது ஸ்டீராய்டாக இருந்து நாள்கணக்கில் ஊற்றினால் கண் அழுத்தம் ஏறும். வீடியோவில் பார்த்த நந்தியாவட்டைச் சாறும் வேண்டவே வேண்டாம்.

பார்வை மொத்தமாகப் போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள். இந்தக் காயத்தில் பொதுவாக அப்படி ஆவதில்லை. சுற்றிலும் தெரிகிற பார்வை இருக்கும். நடுப்பார்வை பலருக்குச் சில மாதங்களில் தேறும், சிலருக்கு ஒரு புள்ளி தங்கிவிடும். எந்த வகை என்பதை ஒளியைக் கொண்டே விழித்திரையைப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் சொல்ல முடியும். அதில் எக்ஸ்ரே கிடையாது, பயப்படாதீர்கள்.

லைட்டின் பேட்டரியைக் கழற்றிவிட்டு அதையும் கையோடு எடுத்துப் போங்கள். பையனைத் திட்டாதீர்கள். திட்டினால் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் பார்த்தான் என்பதை டாக்டரிடம் சொல்ல மாட்டான்.