முதலில் சுடப்பட்டது யார்? துப்பறியும் கதைக் கேள்வி-பதில்

முன்னெச்சரிக்கை: கீழே நான்கு பழைய நாவல்களின் முடிச்சுகளை அவிழ்த்திருக்கிறேன். படிக்காதவர்கள் அந்தந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள். பிறகு என்னைத் திட்டிப் பயனில்லை.

கேள்வி: ஜான் டிக்சன் காரின் 'தி ஹாலோ மேன்' நாவலை இரண்டு முறை படித்துவிட்டேன். துப்பறிவாளர் டாக்டர் ஃபெல் விளக்க விளக்கக் குழப்பம்தான் கூடுகிறது. பேராசிரியர் கிரிமோவைக் கொன்றது யார்?

கிரிமோவை மிரட்டிய மாயவித்தைக்காரர் பியர் ஃப்ளே. ஃப்ளேவைக் கொன்றது யார் என்றால், கிரிமோ. ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள், அதுவும் நாம் நினைத்துக்கொண்டிருந்த வரிசையில் அல்ல.

1935-இல் வந்த இந்த நாவல் நமக்குக் காட்டும் வரிசை இது. இரவு 9:45-க்கு முகமூடி போட்ட ஒருவர் கிரிமோ வீட்டுக்கு வருகிறார். 10:10-க்குப் பூட்டிய அறைக்குள் வெடிச் சத்தம். கதவைத் திறந்தால் கிரிமோ குண்டடிபட்டுக் கிடக்கிறார், வந்தவரைக் காணோம், வெளியே பனியில் ஒரு தடம்கூட இல்லை. பிறகு 10:25-க்கு காக்லியோஸ்ட்ரோ தெருவின் நடுவில் ஃப்ளே சுடப்படுகிறார். சுற்றிலும் அவருடைய காலடித் தடங்கள் மட்டுமே.

இதைத் தலைகீழாகப் போடுங்கள். தெருவில் நடந்ததுதான் முதல் சம்பவம். அந்த 10:25, ஒரு நகைக்கடை ஜன்னலில் இருந்த கடிகாரம் காட்டிய நேரம். அது 40 நிமிடத்துக்கு மேல் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

இனி கிரிமோவின் திட்டம். ஃப்ளேவை அந்தத் தெருவிலேயே ஓர் அறையில் சுட்டுவிட்டு, தற்கொலை மாதிரி துப்பாக்கியைப் போட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டும். அங்கே, ஃப்ளே வந்து தன்னைச் சுட்டுவிட்டு ஜன்னல் வழியே ஓடியதாக ஒரு நாடகம். கொல்ல வந்தவன் போய்த் தன்னையே சுட்டுக்கொண்டான் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். வெகு சாதாரணமான திட்டம். இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

ஆனால் ஃப்ளே சாகவில்லை. அந்தத் தெருவில் இருந்த டாக்டரைத் தேடித் தள்ளாடி வெளியே வருகிறார். துப்பாக்கி அவர் கையில் இருக்கிறது. கிரிமோவைப் பார்த்ததும், "இரண்டாவது தோட்டா உனக்கு" என்று சொல்லிச் சுடுகிறார். சாட்சிகள் கேட்டது இந்தக் குரலையும் இந்த வெடியையும்தான். அடுத்த கணம் ஃப்ளே விழுவதைப் பார்த்தவர்கள், அந்தக் குண்டு அவர்மேல்தான் பாய்ந்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் அது கிரிமோவின் நெஞ்சில் பாய்ந்த குண்டு. அந்தக் காயத்தோடு, முகமூடி போட்ட அந்த ஆளாகத் தானே தன் வீட்டுக்கு வந்து, போட்ட திட்டத்தைக் கைவிட வழியில்லாமல் நாடகத்தையும் நடத்திவிட்டுத்தான் அவர் செத்தார். அறைக்குள் வெடித்தது வெறும் பட்டாசு.

பனி நின்றுபோனதும் அவர் எதிர்பாராதது. அது பெய்துகொண்டே இருந்திருந்தால், ஓடியவன் தடம் மூடிப்போயிற்று என்று விட்டிருப்பார்கள். ஆக, 'நடக்கவே முடியாத கொலை' என்று நாம் வாய் பிளப்பதை யாருமே திட்டமிடவில்லை. கொலைகாரன் எப்படி யோசித்திருப்பான் என்றே தேடினால் இந்த நாவல் பிடிபடாது. அவனுக்கு என்னென்ன தப்பிப்போனது என்று தேடவேண்டும். மறுபடி படிக்கும்போது, கடிகாரம் பார்த்துச் சொல்லப்படும் ஒவ்வொரு நேரத்துக்குப் பக்கத்திலும் 'எந்தக் கடிகாரம்?' என்று பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதே நாவல். வந்தவரும் கிரிமோவும் எதிரெதிரே நின்றதைச் செயலாளர் மில்ஸ் கண்ணால் பார்க்கிறாரே? ஒரே ஆள் எப்படி இருவராக முடியும்?

நிலைக்கண்ணாடி. கதவுக்கு உட்புறம் ஆளுயரக் கண்ணாடி ஒன்று நிற்கிறது. வந்தவரின் முதுகை மில்ஸ் நேரில் பார்க்கிறார், கிரிமோவின் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கிறார். அவ்வளவு பெரிய கண்ணாடி வீட்டுக்குள் வந்தது தெரியாமலிருக்கத்தான் கிரிமோ ஒரு பெரிய ஓவியத்தை வாங்கி வருகிறார்.

நடக்கக்கூடியதா என்று கேட்டால், அரைமனதாகத்தான் 'ஆமாம்' சொல்வேன். பார்ப்பவர் ஒரே இடத்தில், குறிப்பிட்ட உயரத்தில் இருக்கவேண்டும். ஓர் அடி நகர்ந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். மில்ஸ் குள்ளமானவர் என்று கார் நம் காதில் போட்டுவைப்பது இதற்காகத்தான். வீட்டுப் பெண்மணி டுமோனும் உடந்தை. அவர் துணை இல்லாமல் இது ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

கேள்வி: முதல் பக்கத்திலேயே ஆசிரியர் 'சாட்சிகள் பொய் சொல்லவில்லை' என்று அடித்துச் சொல்கிறார். இது வாசகரை ஏமாற்றுவது இல்லையா?

ஏமாற்றுதான், ஆனால் யோக்கியமான ஏமாற்று. மில்ஸ் பொய் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார். தெருச் சாட்சிகளும் அப்படியே. பொய் சொன்னது கடிகாரமும் கண்ணாடியும். அந்தப் பத்தியை மறுபடி பாருங்கள்: இரண்டு கொலைகளைப் பற்றியும் பேசும்போது 'சாட்சியங்களின்படி' என்ற சொல்லைக் கார் மறக்காமல் போட்டுக்கொண்டே போகிறார். வக்கீல் நோட்டீஸ் படிக்கிற மாதிரி படிக்கவேண்டிய பத்தி.

கேள்வி: சாகும்போது கிரிமோ உளறும் 'குளியல், உப்பு, நரி' எல்லாம் என்ன?

காதில் தப்பாக விழுந்தவை. ஆங்கிலத்தில் 'பாத்' என்று கேட்டது அவருடைய உண்மைக் குடும்பப் பெயரான 'ஹோர்வாத்'தின் கடைசி அசை. உப்பு, அவர் கைதியாகக் கிடந்த உப்புச் சுரங்கம். 'ஃபாக்ஸ்' என்று கேட்டது நரி அல்ல, இங்கிலாந்தில் முகமூடியும் பட்டாசுமாக ஆண்டுதோறும் நினைவுகூரப்படும் பழைய சதிகாரர் 'கை ஃபாக்ஸ்'. மொழிபெயர்ப்பில் படித்தவர்களுக்கு இது பிடிபடவே வழியில்லை.

கேள்வி: அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்ட்' கொலையில் டாக்டர் ஷெப்பர்டே கொலைகாரர் என்றால், தனக்குத் தானே ஏன் போன் வரவழைத்தார்? பிணம் காலையில் கிடைத்திருந்தால் அவருக்கு இன்னும் வசதிதானே?

நல்ல கேள்வி. அறைக்குள் டிக்டஃபோன் இருக்கிறது. அக்ராய்டின் பதிவான குரலை 9:30-க்கு ஒலிக்கவைத்து, அவர் அப்போது உயிரோடிருந்ததாக நம்பவைத்தது அதுதான். பிணத்தைக் காலையில் வேறு யாராவது பார்த்தால் கருவியும் சேர்ந்து கண்ணில் படும். எனவே ஷெப்பர்ட் அன்றிரவே முதல் ஆளாக உள்ளே போகவேண்டும். ரயில் நிலையத்திலிருந்து வந்த போன் அதற்கான சாக்கு. பட்லர் பார்க்கர் போலீசுக்குப் போன் பண்ணப் போன இடைவெளியில் கருவி டாக்டரின் பைக்குள் போய்விடுகிறது. வாசலிலிருந்து பார்த்தால் அது தெரியாதபடி இழுத்துப் போட்டிருந்த நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளியதுதான் அவருக்கு வினையாகிறது. பார்க்கர் அதைக் கவனித்துவிட்டார்.

இந்த 1926 நாவலில் எனக்குப் பிடித்தது நேரக் கணக்குதான். 8:40-க்குக் கடிதங்கள் வந்தன, 8:50-க்குக் கிளம்பினேன் என்று, கதையைச் சொல்லும் டாக்டரே எழுதுகிறார். கொலை நடந்த, நடுவில் இருக்கும் பத்து நிமிடத்தைப் பற்றி ஒரு வரிகூடப் பொய் இல்லை. வெறுமனே எழுதாமல் விட்டுவிட்டார்.

கேள்வி: ரேமண்ட் சாண்ட்லரின் 'தி பிக் ஸ்லீப்'பில் கார் டிரைவர் ஓவன் டெய்லரைக் கொன்றது யார்?

தெரியாது. எனக்கு மட்டுமல்ல, சாண்ட்லருக்கும்! 1946 படத்தை எடுத்த ஹோவர்ட் ஹாக்ஸ் தரப்பிலிருந்து இதையே கேட்டபோது தனக்கும் தெரியாது என்றுதான் சொன்னாராம். தேடுவதை நிறுத்திவிட்டு வசனங்களை ரசியுங்கள்.

கேள்வி: டோரதி சேயர்ஸின் 'ஃபைவ் ரெட் ஹெரிங்ஸ்' நாவலில் பிணத்தருகே ஏதோ ஒரு பொருளைக் காணவில்லை என்கிறார்கள். என்ன பொருள் என்று அங்கே சொல்லவில்லையே. என் பிரதியில் பக்கம் கிழிந்திருக்கிறதா?

பக்கம் சரியாகத்தான் இருக்கிறது. புத்திசாலி வாசகர் தானே கண்டுபிடித்துக்கொள்வார் என்று ஒரு குறிப்பு போட்டு, வேண்டுமென்றேதான் அந்த விவரத்தை விட்டுவிட்டார். காணாமல் போனது வெள்ளை வர்ணக் குழாய். ஓவியத்தில் வெள்ளை தாராளமாக இருக்கிறது, இறந்த ஓவியரின் பெட்டியிலோ அது இல்லை. அப்படியானால் அந்தப் படத்தை வரைந்தது வேறொரு ஓவியர், பழக்கதோஷத்தில் குழாயைத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ரயில் நேர அட்டவணைகளைப் புரட்டிப் புரட்டி அலுத்துப் போனால் அதைத் தாண்டிவிடுங்கள். நானும் முதல் வாசிப்பில் தாண்டியவன்தான்.