ரோல் நம்பர் ஒன்பது

கேள்வி: தன்பாலீர்ப்பு, திருநர் (திருநங்கை, திருநம்பி) என்றெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். பிள்ளைகளைப் படிக்க விடுங்கள் ஐயா. இந்த வயதில் இதெல்லாம் தேவையா?
(இரண்டு பிள்ளைகளின் தகப்பன், கோவில்பட்டி)

பதில்: இதுவரை யாரும் சொல்லிக்கொடுக்காமல் இருந்திருந்தால் நானும் தேவையில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆறாம் வகுப்புப் பையனிடம் ‘ஒம்போது’ என்று சொல்லிப் பாருங்கள். எட்டுக்கு அடுத்த எண் என்றா நினைப்பான்? நான் படித்த பள்ளியில் ரோல் நம்பர் ஒன்பது எழுந்து ‘உள்ளேன் ஐயா’ என்றால் வகுப்பே கொல்லென்று சிரிக்கும். ஐயாவும் பதிவேட்டைப் பார்த்தபடி சிரிப்பார். நானும் சிரித்தவன்தான். அந்த நம்பர் வருஷா வருஷம் வேறொருவனுக்குப் போய்விடும். ஆனால் கொஞ்சம் நளினமாக நடந்த ஒருவனுக்கு மட்டும் எந்த நம்பர் வந்தாலும் அவன் ஒம்போதுதான். பத்தாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. ஏன் என்று யாரும் விசாரிக்கவில்லை.

பாடத்திட்டத்தில் இல்லாமலே இவ்வளவு நன்றாக நடக்கும் பாடம் வேறு உண்டா?

சேர்ந்து வாழ விரும்பிய இரண்டு பெண்கள், பெற்றோரும் போலீஸும் துரத்த, சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான் 2021 ஜூனில் உத்தரவு எழுதினார். அதில் பள்ளிகளுக்கும் பங்கு உண்டு: யாரும் பயமின்றிப் போகக்கூடிய கழிப்பறை, இதைப் புரிந்த ஆலோசகர், அப்புறம் பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்கும் புரிய வைப்பது. ஆக, முதல் பெஞ்சு உங்களுக்கு.

கழிப்பறை ஏன் என்கிறீர்களா? இடைவேளையில் அங்கே தனக்கு என்ன நடக்கும் என்று தெரிந்ததால், நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பையன்கள் உண்டு.

அதே 2021-ல் திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி அரவணைப்பது என்று, பள்ளிப் பாடநூல்கள் தயாரிக்கும் மத்திய அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. ஒரு கையேடு போட்டது. கவனியுங்கள், ஆசிரியர்களுக்கு, மாணவர்களுக்கு அல்ல. தேசியக் குழந்தை உரிமை ஆணையம் ஆட்சேபித்ததும் சில நாட்களிலேயே அது இணையதளத்திலிருந்து காணாமல் போனது. அந்தக் குழந்தைகள் குழந்தைக் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது.

2022-ல் தமிழக அரசு தன்பாலீர்ப்பாளர்களையும் திருநரையும் மரியாதையாகக் குறிப்பிடும் சொற்களை அரசிதழிலேயே வெளியிட்டது. பத்திரிகைக்காரர்களான எங்களுக்கும் சேர்த்துத்தான். எங்கள் பழைய இதழ்களின் துணுக்குகளை இப்போது புரட்டவே கூசுகிறது. சரி, அது எங்கள் பாடு.

பள்ளியில் சொல்லித்தரச் சொல்வது படுக்கையறைச் சமாச்சாரம் அல்ல ஐயா. ‘ஒம்போது’ என்ற அந்தச் சொல் வகுப்பில் விழும்போது ஆசிரியர் சிரிக்காமல் இருக்க வேண்டும், சொன்னவனைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், அவ்வளவுதான். இதற்கு எந்த வயது தோதுப்படும் என்கிறீர்கள்?

அது கிடக்கட்டும், உங்கள் பிள்ளைகளின் ரோல் நம்பர் என்னவென்று எழுதவில்லையே?