விண்டோஸ் 11-க்கு மாறினால் எஸ்எஸ்டி போய்விடுமா?

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கேட்டிருப்பதைச் சுருக்கித் தருகிறேன்:

'என்னிடம் 2019-இல் வாங்கிய லேப்டாப் இருக்கிறது. இன்டெல் ஐ5, 8-ஆம் தலைமுறை என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் 256 ஜிபி எஸ்எஸ்டி மாற்றினேன். விண்டோஸ் 10 நன்றாகத்தான் ஓடுகிறது. பேத்தியின் படங்கள், பென்ஷன் காகிதங்கள், நான் எழுதிய கட்டுரைகள் எல்லாம் அதில்தான். விண்டோஸ் 11 போட்டால் எஸ்எஸ்டி செத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. காலை நடைக்கு வரும் நண்பர்களில் ஒருவர் அருமை என்கிறார், இன்னொருவர் பிரிண்டரே போச்சு என்கிறார். கடைக்காரரோ, உங்கள் மெஷினில் டிபிஎம் கிடையாது, ஃபார்மட் செய்து வேறு வழியில் போட்டுத் தருகிறேன், 2,500 ரூபாய் என்கிறார். விண்டோஸ் 10-இல் இனி பேங்க் வேலையே செய்ய முடியாதாம். நான் என்ன செய்வது?'

ஐயா, முதலில் கடைக்காரருக்கு 'பிறகு சொல்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள். மீதியை நிதானமாகப் பார்ப்போம்.

எஸ்எஸ்டி என்பது உங்கள் கோப்புகளெல்லாம் தங்கும் டிஸ்க். அதைப் பற்றிய பயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2025 ஆகஸ்டில் விண்டோஸ் 11-க்கு ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. பாதிக்கு மேல் நிறைந்த எஸ்எஸ்டியில் ஒரே மூச்சில் 50 ஜிபி அளவுக்கு எழுதினால் அந்த எஸ்எஸ்டியே கணினியின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது என்று ஜப்பானில் ஒருவர் சொன்னார். சில நாட்களில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லைத் தயாரிக்கும் தைவான் நிறுவனமான பைசன் 4,500 மணி நேரத்துக்கு மேல் சோதித்தும் அந்தப் பழுதை வரவழைக்க முடியவில்லை. அப்டேட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மைக்ரோசாஃப்ட்டும் சொல்லிவிட்டது. அந்த மறுப்பை யாரும் பார்வர்ட் செய்யவில்லை, அவ்வளவுதான்.

எஸ்எஸ்டி சம்பந்தமாக நிஜமாகவே நடந்தது வேறொன்று. 2024 அக்டோபரில் 24எச்2 என்ற பெரிய பதிப்பு வந்தபோது, வெஸ்டர்ன் டிஜிட்டலின் 2 டிபி எஸ்எஸ்டி மாடல்கள் சிலவற்றில் கணினி நீலத் திரை காட்டி நின்றது. எஸ்எஸ்டி தன் உபயோகத்துக்குக் கணினியின் நினைவகத்திலிருந்து கொஞ்சம் கடன் கேட்கும். அதுவரை 64 எம்பி கொடுத்துவந்த விண்டோஸ் திடீரென்று 200 எம்பி கொடுத்தது, அந்த மாடல்களுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. எஸ்எஸ்டிக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பித்துச் சரிசெய்தார்கள். உங்களுடையது 256 ஜிபி. அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

நண்பர்கள் இருவரில் யார் சொல்வது சரி? இரண்டு பேருமே சரிதான். இந்தப் பேச்சில் மூன்று சங்கதிகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். டாஸ்க்பாரைத் திரையின் ஓரத்துக்கு நகர்த்த முடியவில்லை, ரைட் கிளிக் செய்தால் பாதி மெனு ஒளிந்துகொள்கிறது, எடுத்ததற்கெல்லாம் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கேட்கிறது, இதெல்லாம் 2021-இல் விண்டோஸ் 11 வந்த நாளிலிருந்து கேட்கும் புலம்பல். பிடிக்கவில்லை என்பது பழுது ஆகாது. இரண்டாவது, இருந்து சரியாகிவிட்ட பழுதுகள். 2025 ஜனவரி அப்டேட்டுக்குப் பிறகு சில யுஎஸ்பி பிரிண்டர்கள் யாரும் கேட்காமலே தாள் தாளாகப் பொருளில்லாத எழுத்துகளை அடித்துத் தள்ளின. மார்ச் கடைசியில் அதைச் சரிசெய்தார்கள். அதை இப்போதும் சொல்லித் திரிபவர்கள் உண்டு. மூன்றாவது, இன்னும் இருக்கிற பழுது. அது எல்லாப் பதிப்பிலும் இருக்கும், ஒன்று போனால் இன்னொன்று வரும். 2025 அக்டோபர் 14, விண்டோஸ் 10-க்கு விடை கொடுத்த அதே நாளில் விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட், கணினி படுத்துவிட்டால் எழுப்ப உதவும் ரெக்கவரி திரையில் யுஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் வேலை செய்யாமல் ஆக்கிவிட்டது. பழையதை விட்டுப் புதுசுக்கு வா என்று உலகத்தையே கூப்பிட்ட அன்றைக்கு! ஆறு நாளில், 20-ஆம் தேதி, அவசரத் திருத்தம் வந்தது. இப்படித்தான் இந்த நிறுவனம் வேலை செய்கிறது, நாம்தான் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

படங்கள் காணாமல் போகுமோ என்ற உங்கள் பயத்தை நான் சிரித்து ஒதுக்கமாட்டேன். ஒருமுறை போயிருக்கிறது. 2018 அக்டோபர் 2-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய அப்டேட் வெளியானது. டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை டி டிரைவுக்கு மாற்றி வைத்திருந்த சிலருக்கு, பழைய இடத்தில் மிச்சமிருந்த கோப்புகளை அது வெற்று ஃபோல்டர் என்று நினைத்துத் துடைத்துவிட்டது. சோதனைக்கு முன்வந்த பயனர்கள் வெளியீட்டுக்கு முன்பே இதை எழுதிப் போட்டிருந்தார்கள். போதிய ஓட்டு விழாததால் புகார் மேலே ஏறவில்லை. வீடு எரிகிறது என்று சொல்வதற்கும் ஓட்டு வாங்க வேண்டும் போலிருக்கிறது. சில நாட்களில் நிறுத்தி, நவம்பர் 13-இல்தான் மறுபடி வெளியிட்டார்கள்.

ஆகவே எதைத் தொடுவதற்கும் முன்னால், ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் காப்பி செய்யுங்கள். காப்பி, கட் அல்ல. அப்புறம் அந்த டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் அது பேக்கப் இல்லை. ஒன்டிரைவில் தானாக ஏறியிருக்குமே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. பேத்தியின் ஒரு பிறந்தநாள் வீடியோவுக்கே சரியாக இருக்கும்.

இனி கடைக்காரர் விஷயம். உங்கள் மெஷினில் டிபிஎம் இல்லை என்பது பெரும்பாலும் பொய், அல்லது பார்க்காமல் சொன்னது. டிபிஎம் என்பது கணினிக்குள் இருக்கும் சாவிப்பெட்டி, ரகசிய எண்களைப் பூட்டி வைக்கும் இடம். விண்டோஸ் 11-க்கு அதன் 2.0 வகை வேண்டும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையிலிருந்து வேண்டும். உங்கள் ஸ்டிக்கரே 8 என்கிறது. அந்தத் தலைமுறை லேப்டாப்புகளில் சாவிப்பெட்டி பிராசஸருக்குள்ளேயே இருக்கும். பயாஸில், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முன் திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், பிடிடி என்ற பெயரில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம், அதை ஆன் செய்தால் முடிந்தது. மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவச மென்பொருளைப் போட்டு ஓட்டுங்கள், தகுதி உண்டா இல்லையா என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிடும். டிபிஎம் இல்லை என்று அது சொன்னால், இல்லை என்று அர்த்தமில்லை, அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு வரியை அந்த மென்பொருளே பளிச்சென்று சொல்லியிருந்தால் எத்தனையோ பேருக்கு 2,500 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

அவர் சொல்லும் 'வேறு வழி' என்பது தகுதிச் சோதனையை ஏமாற்றிவிட்டு நிறுவுவது. அப்படிப் போட்ட கணினிகளுக்கு அப்டேட் வருமென்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. தகுதியுள்ள மெஷினுக்கு இந்தக் கொல்லைப்புற வழி எதற்கு? ஒரிஜினல் விண்டோஸ் 10 வைத்திருப்பவருக்கு விண்டோஸ் 11 இலவசம், புதிதாகக் 'கீ' எதுவும் வாங்க வேண்டாம். உங்களுடையது ஒரிஜினலா என்று பார்க்க செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் நல்லது. உங்கள் அமைப்பின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் செயல்படுகிறது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால், ஐயா, நீங்கள் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறீர்கள், உங்களுக்கு ஏது அமைப்பு? யாரோ திருட்டு விண்டோஸை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எனக்கு உண்மையில் பயம் தருவது அவர் சொன்ன 'ஃபார்மட்' என்ற சொல்தான். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, கணினியை அழித்துப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், கேட்காமலே டிஸ்க் முழுவதையும் பூட்டிவிடுகிறது. லேப்டாப் திருடு போனால் படங்கள் திருடன் கையில் சிக்காது, நல்லதுதான். பூட்டைத் திறக்கும் 48 இலக்க எண், நுழையப் பயன்படுத்திய மின்னஞ்சல் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். சரி, கடையில் யாருடைய மின்னஞ்சலைப் போடுவார்கள்? வரிசையில் பத்து லேப்டாப் காத்திருக்கிறது. உங்களுக்கு போன் போட்டு ஓடிபி கேட்க நேரமில்லை. கடைப் பையன் தன் சொந்தக் கணக்கையே போட்டு வேலையை முடித்துவிடுவான். நீங்களும் சந்தோஷமாக வாங்கி வருவீர்கள், மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது.

எனக்குத் தெரிந்த கல்யாண போட்டோகிராபர் ஒருவருக்கு நாலு மாதம் தெரியவில்லை. ஒருநாள் அப்டேட் முடிந்து கணினி எழுந்தபோது நீலத் திரையில் 48 இலக்கத்தைக் கேட்டது. கடைக்கு ஓடினார். பையன் வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டான். தேடிப் பிடித்தால், அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்ட் மறந்துவிட்டதாம், போன் நம்பரும் மாறிவிட்டதாம். லேப்டாப் என் மேசையில் மூன்று நாள் கிடந்தது. என்னால் மட்டுமல்ல, அந்த எண் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது, பூட்டு அப்படிப்பட்டது. இரண்டு முகூர்த்த சீசன் படங்கள் போயின. இப்படி அப்டேட் முடிந்ததும் சில கணினிகள் சாவி கேட்டு நின்றது 2024 ஜூலையில் நடந்தது, 2025 மே மாதம் விண்டோஸ் 10-இலேயே நடந்தது, 2025 அக்டோபரில் மறுபடி நடந்தது. சாவி கையில் இருந்தவர்களுக்கு ஐந்து நிமிட எரிச்சல், இல்லாதவர்களுக்கு எல்லாம் போச்சு.

அதனால் இன்றைக்கே இதைச் செய்யுங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பக்கத்தில் எந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். எஸ்எஸ்டி மாற்றியபோது யார் கை பட்டதோ! உங்களுடையது இல்லையென்றால் உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். பிறகு டிவைஸ் என்கிரிப்ஷன், அதாவது மேலே சொன்ன டிஸ்க் பூட்டு, என்ற பகுதி இருக்கிறதா, ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் என்றால், கைபேசியில் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் டிவைசஸ் பக்கத்தில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ என்பதைத் தேடுங்கள். ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி இருக்கும். தாளில் எழுதி, நீங்கள் விடைத்தாள் திருத்திய காலத்தில் மதிப்பெண்ணைக் கூட்டிச் சரிபார்த்த மாதிரி ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து, பாஸ்புக்கோடு வையுங்கள். லேப்டாப்புக்குள் ஒரு கோப்பாகச் சேமித்து வைக்காதீர்கள், சிரிக்காதீர்கள், செய்தவர்கள் இருக்கிறார்கள். எண் அந்தப் பக்கத்தில் இல்லாவிட்டால் என்கிரிப்ஷனை அணைத்துவிட்டு அது முழுதாக முடியும்வரை சார்ஜரில் போட்டு வையுங்கள். பயாஸில் பிடிடியைத் தொடுவதும் இதற்குப் பிறகுதான், ஏனென்றால் அதைத் தொட்டாலும் சில மெஷின்கள் சாவி கேட்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு அவசரமே இல்லை. விண்டோஸ் 10 நின்றுவிடவில்லை, பாதுகாப்பு அப்டேட்தான் நின்றது. பேங்க் பக்கம் இன்றைக்கும் திறக்கும். ஆனால் ஓட்டை அடைக்காத வீட்டில் பணம் எண்ணுவது போலத்தான், அப்படியே விடவும் கூடாது. அந்தப் பாதுகாப்பு அப்டேட்டுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு, 2026 அக்டோபர் 13 வரை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் என்ரோல் என்று ஓர் இணைப்பு தெரியும். கணினியின் செட்டிங்ஸை உங்கள் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு வேண்டாம், இல்லையென்றால் 30 டாலர். படங்களை ஏற்ற வேண்டியதில்லை, செட்டிங்ஸ் போதும். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டதால் அங்குள்ளவர்களுக்கு இந்த பேக்கப் நிபந்தனைகூட இல்லை. நமக்கு உண்டு. நாம் சண்டை போடவில்லையே!

நீட்டிப்பில் சேர்ந்துகொண்டு, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் விண்டோஸ் 11 தானாக வரும்போது ஏற்றுக்கொள்ளுங்கள். இப்படி மேலே ஏற்றுவதில் கோப்புகள் இருந்த இடத்தில் இருக்கும், ஃபார்மட் கிடையாது. உங்கள் கணினிக்கு இன்னும் தயாராகவில்லை என்று வந்தால், அதில் ஒத்துவராத பழுது ஒன்று தெரிந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது பென்டிரைவோடு வந்து நான் போட்டுவிடுகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள், அந்தத் தடையை மீறிப் போட்டால் நீலத் திரை வாங்க நேரலாம். போட்ட பிறகு பிடிக்கவில்லை, பிரிண்டர் ஓடவில்லை என்றால் பத்து நாளைக்குள் செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கத்தில் கோ பேக் கொடுத்துப் பழையதற்கே திரும்பலாம். பதினோராவது நாள் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. அதனால் முதல் வாரத்திலேயே பிரிண்டர், ஸ்கேனர், தமிழ் கீபோர்டு, பென்ஷன் இணையதளம் நாலையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். நண்பருடைய பிரிண்டர் மாடலையும் கேட்டு எழுதுங்கள். அது பழுதா, வெறும் டிரைவர் பிரச்சினையா என்று பார்க்கிறேன்.