நியமித்தவருக்கு எதிராக ஒரு வாக்கு

ஐயா,

அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிபர் முன்மொழிபவர்களை, நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் நீதித்துறைக் குழு விசாரிப்பதைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். எந்தக் கேள்விக்கும் நேரான விடை வருவதில்லை. 2016இல் மெரிக் கார்லண்டுக்கு விசாரணையே நடக்கவில்லை. 2020இல் ஏமி கோனி பேரட்டுக்கு ஒரே மாதத்தில் எல்லாம் முடிந்தது. இந்த நாடகத்தை நிறுத்திவிட்டு, மக்கள் தேர்ந்தெடுத்த அதிபரிடமே நியமனத்தை முழுமையாக ஒப்படைத்துவிடலாமே? நீதிபதிகளுக்கு 18 ஆண்டுப் பதவிக்கால வரம்பு வந்தால் சிக்கல் தீருமா?

ச.

அன்புள்ள ச.,

பதவிக்கால வரம்பை இன்று விட்டுவிடுகிறேன். ஒருவர் எத்தனை ஆண்டு அமர்கிறார் என்பது வேறு, அவரை யார் உரசிப் பார்த்து அமர்த்துகிறார்கள் என்பது வேறு. 2016 குறித்து உங்களோடு எனக்கு வழக்கில்லை. கேட்கவே மறுப்பது மேற்பார்வை ஆகாது. ஆனால் ‘முழுமையாக ஒப்படைத்துவிடலாமே’ என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா? சட்டம் படிக்கும் ஒருவர் இப்படி எழுதலாமா?

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் என் மாணவப் பருவத்துத் தாள் ஒன்று பழைய கட்டிலிருந்து கிடைத்தது. கொரியப் போரின் நடுவே எஃகு ஆலைகளை அரசு கைப்பற்ற வேண்டும் என்று அதிபர் ட்ரூமன் ஆணையிட்டதைப் பற்றிய 1952ஆம் ஆண்டு வழக்கு அது. ஒன்பது நீதிபதிகளின் பெயரையும், அவர்களை நியமித்த அதிபரின் பெயரையும் எழுதி, தீர்ப்பைப் படிக்கும் முன்பே யார் எந்தப் பக்கம் நின்றிருப்பார்கள் என்று ஊகிக்கச் சொன்னார் எங்கள் ஆசிரியர். ஒன்பது பேருமே ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர்கள். ட்ரூமனே நியமித்த பர்ட்டன், வின்சன், கிளார்க், மின்டன் நால்வரையும் அவர் பக்கமே எழுதி வைத்தேன். ட்ரூமன் 6–3 என்று தோற்றார். பர்ட்டனும் கிளார்க்கும் அவருக்கு எதிராக நின்றார்கள். அதிலும் கிளார்க், ட்ரூமனிடமே அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக, இருந்தவர். அவ்விரு பெயர்களையும் வட்டமிட்டு, ‘எதைக் கேட்டிருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்?’ என்று ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்தார்.

அந்தக் கேள்வியை நான் இன்னும் விடவில்லை. வரப்போகும் வழக்கில் எப்படித் தீர்ப்பளிப்பீர்கள் என்று செனட் உறுப்பினர்கள் மீண்டும் மீண்டும் கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்ல மறுப்பது முறையே, ஏனெனில் கேட்கப்படாத வழக்குக்கு முன்கூட்டி வாக்குக் கொடுப்பவர் நீதிபதியாக இருக்கத் தகுதியற்றவர். நடந்து முடிந்ததைக் கேட்டால் அந்த மறைவிடம் இல்லை. அரசு வழக்கறிஞராக இருந்தபோது மேலிடம் விரும்பிய கருத்தை எழுதித் தர மறுத்தீர்களா? அதிபரின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்று எந்தக் குறிப்பிலாவது எழுதினீர்களா? அந்தக் குறிப்பு எங்கே? அந்தக் காகிதங்களைத் தர நிர்வாகம் மறுத்தால், அவை வரும்வரை வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கும் அதிகாரம் செனட்டிடம் இருக்கிறது. ஒருவர் மேலதிகாரியிடம் ‘முடியாது’ என்று சொல்லியிருக்கிறாரா என்பதைவிட முக்கியமான எதையும் அந்த அறையில் கேட்க முடியாது என்று நம்புகிறேன்.

நாடகம் என்றீர்கள். நிக்சன் முன்மொழிந்த ஹெய்ன்ஸ்வர்த்தை 1969இலும் கார்ஸ்வெல்லை 1970இலும் செனட் நிராகரித்தது. முதலாமவருக்கு எதிராக நிக்சனின் கட்சியினரே 17 பேர் வாக்களித்தார்கள். அதன் பிறகே பிளாக்மன் வந்தார், 94–0 என்று ஒப்புதல் பெற்றார். வாட்டர்கேட் ஊழல் விசாரணைக்காக, வெள்ளை மாளிகை உரையாடல்கள் பதிவான ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு 1974இல் நிக்சனுக்கு 8–0 என்று உத்தரவிட்டவர்களுள் அவரும் ஒருவர். கார்ஸ்வெல் அங்கே அமர்ந்திருந்தால் வேறாக வாக்களித்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. நியமனம் அதிபரின் தனிச்சொத்து அல்ல என்று நிக்சனுக்கு இருமுறை சொல்லப்பட்டது.

அதே ‘முடியாது’வை செனட்டும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? 48 மாநிலங்களில் 46இல் வென்ற கையோடு, உச்ச நீதிமன்றத்தில் ஆறு இடங்கள் வரை கூட்டிக்கொள்ள ரூஸ்வெல்ட் 1937இல் மசோதா கொண்டுவந்தார். செனட்டில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அவருடைய கட்சியினர். நீதித்துறைக் குழு அதைக் கடுமையாக நிராகரித்து அறிக்கை எழுதியது. ஜூலையில் 70–20 என்று மசோதா குழுவுக்கே திருப்பி அனுப்பப்பட்டு அங்கேயே மடிந்தது. அந்த எழுபது பேரில் பெரும்பாலோர் யார் கட்சி என்று எண்ணிப் பாருங்கள். அந்த அறிக்கையைத் தேடிப் படித்துவிட்டு, இன்னும் ஒப்படைக்கத்தான் வேண்டுமா என்று எனக்கு எழுதுங்கள்.