வாசகர் கேள்வி–பதில்: ஷானன் கழிமுகத்தில் எதை, எப்போது பார்க்கலாம்?

கேள்வி: லிமெரிக் நகரில் பணிபுரியும் மகளைக் காண நானும் என் கணவரும் அயர்லாந்து செல்லவிருக்கிறோம். ஷானன் ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் டால்பின்களும் பறவைகளும் ஏராளம் என்கிறாள். எந்த மாதத்தில் சென்றால் இரண்டையும் பார்க்கலாம்?

பதில்: இரண்டையும் ஒரே பயணத்தில் நிறைவாகப் பார்ப்பது கடினம். டால்பின்களைக் காண ஏற்ற பருவம் கோடை. பறவைகள் திரள்வதோ குளிர்காலத்தில். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், நான் கோடையையே சொல்வேன். டிசம்பரில் மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மழையும் காற்றும் சேர்ந்துகொண்டால் வெளியே நிற்பதே பெரும்பாடு.

லிமெரிக்கிலிருந்து லூப் ஹெட் முனை வரை ஏறத்தாழ 100 கி.மீ. நீளும் இந்தக் கழிமுகத்தில், குப்பி மூக்கு டால்பின்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை நிலையாக வாழ்கின்றன. கரைகள் நெருங்கிவரும் இடங்களில் நீரோட்டம் வேகமெடுப்பதாலும், முட்டையிட ஆறேறும் சால்மன் மீன்கள் அந்த வழியாகவே வர வேண்டியிருப்பதாலும், அவற்றுக்கு அங்கே இரை தேடுவது எளிது. முதுகுத் துடுப்பில் உள்ள வடுக்களையும் வெட்டுகளையும் படமெடுத்து ஒப்பிட்டு, ஆய்வாளர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காண்கிறார்கள். குட்டிகள் பிறப்பதும் கோடையில்தான். கிளேர் மாவட்டத்தின் காரிகாஹோல்ட் சிற்றூரிலிருந்து டால்பின் பார்க்கும் படகுகள் புறப்படுகின்றன. காற்று பலமாக வீசினால் பயணத்தை ரத்து செய்துவிடுவார்கள் என்பதால், ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

குளிர்காலத்தில்தான் செல்ல நேர்ந்தாலும் வருந்த வேண்டாம். ஷானனும் ஃபெர்கஸ் ஆறும் கூடும் பகுதியில், கடல் வற்றும்போது வெளிப்படும் பரந்த சேற்றுப்படுகைகளுக்கு, ஐஸ்லாந்தில் குஞ்சு பொரித்த கருவால் மூக்கன்களும், கனடாவின் ஆர்க்டிக் தீவுகளிலிருந்து வரும் பிரெண்ட் வாத்துகளும் வந்து சேர்கின்றன. நீர் முழுவதுமாக வற்றியிருக்கையில் பறவைகள் தொலைவில் புள்ளிகளாகவே தெரியும். நீர் ஏற ஏறத்தான் அவை கரையை நோக்கி ஒதுங்கும். ஆகவே கடல் ஏற்றம் உச்சமடைவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே இருநோக்காடியுடன் போய் நின்றுவிடுங்கள். சேற்றில் மட்டும் இறங்க வேண்டாம். லிமெரிக் அருகே பெரிய ஓதத்தின்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 5 மீட்டருக்கும் மேல் வேறுபடும்.

கேள்வி: விலங்குகளைத் தவிர, என் கணவருக்குப் பிடித்த வரலாற்றுச் சின்னங்கள் ஏதேனும் உண்டா?

பதில்: ஸ்கேட்டரி தீவை அவர் தவறவிடக் கூடாது. கில்ரஷ் துறையிலிருந்து கோடையில் படகு உண்டு. 6-ஆம் நூற்றாண்டில் புனித செனான் துறவிமடம் நிறுவிய அந்தத் தீவில், சுமார் 26 மீட்டர் உயர வட்டக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அயர்லாந்தின் இத்தகைய கோபுரங்களில் பெரும்பாலானவற்றுக்கு வாயில் ஆள் உயரத்துக்கு மேலே இருக்க, இதற்கோ தரைமட்டத்திலேயே இருப்பது வியப்பு. கடைசிக் குடியிருப்பாளர்கள் 1978-இல் வெளியேறியபின், அவர்களின் வீடுகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன.

தென்கரையில் ஃபாயின்ஸ் அருங்காட்சியகம் உள்ளது. 1939 முதல் 1945 வரை அட்லாண்டிக்கைக் கடந்த, பறக்கும் படகுகள் எனப்பட்ட நீர்விமானங்கள் அங்குதான் நீரில் இறங்கின. போயிங் 314 விமானத்தின் முழு அளவு மாதிரிக்குள் ஏறியே பார்க்கலாம். குளிரில் நடுங்கி வந்த பயணிகளுக்காக, விஸ்கி கலந்த ஐரிஷ் காபியை ஜோ ஷெரிடன் என்ற சமையற்கலைஞர் உருவாக்கியதும் இங்கேதான். அதற்காகவே அங்கு போகிறவர்களும் உண்டு.

இரு கரைகளுக்கும் இடையே, கில்லிமரிலிருந்து டார்பர்ட்டுக்குக் கார்களை ஏற்றிச் செல்லும் படகு சுமார் 20 நிமிடங்களில் கடந்துவிடும். சாலை வழியே லிமெரிக்கைச் சுற்றினால் 130 கி.மீ.க்கு மேல் ஆகும். மேல்தளத்துக்கு ஏறி நில்லுங்கள். படகு கடக்கும் அந்தக் குறுகிய பகுதி டால்பின்கள் இரை தேடும் இடங்களில் ஒன்று.