ஸ்கூபா பழகும் முன்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: கேரளக் கோவளத்தில் ஸ்கூபா (காற்றுச் சிலிண்டருடன் நீருக்கடியில் நீந்துவது) பழகச் சேரப் போனேன். வயது 47, பிரஷருக்குத் தினமும் மாத்திரை. ‘நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறார்’ என்று எங்கள் டாக்டர் லெட்டர்பேடில் எழுதித் தந்ததை வாங்க மறுத்துவிட்டார்கள். இது என்ன நியாயம்?
- வாசகர், களியக்காவிளை

பதில்: நியாயம்தான். டைவிங் மெடிக்கல் ஃபார்முக்கு மூன்று பக்கம். முதல் பக்கத்தில் 10 கேள்விகள். பத்துக்கும் ‘இல்லை’ என்றால் நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம், டாக்டர் தேவையில்லை. 3, 5, 10 ஆகிய மூன்றில் எதற்காவது ‘ஆம்’ என்றால் நேராக டாக்டரிடம் போக வேண்டும். மற்றவற்றுக்கு ‘ஆம்’ என்றால் இரண்டாம் பக்கத்தில் அதற்குரிய கட்டத்தை நிரப்ப வேண்டும். அதில் ஒரு ‘ஆம்’ விழுந்தாலும் டாக்டர்தான்.

டாக்டர் எழுதித் தரும் மாத்திரை சாப்பிடுவது 10-வது கேள்வி. 45 வயதைத் தாண்டியது 2-வது. அதற்கான கட்டத்தில் புகை, கொலஸ்ட்ரால், பிரஷர், 50 வயதுக்குள் குடும்பத்தில் யாருக்காவது வந்த இதயநோய் எல்லாம் கேட்பார்கள். ஆக, உங்களுக்கு இரண்டு வழியிலும் டாக்டர் கையெழுத்து வேண்டும். அதுவும் மூன்றாம் பக்கத்தில்.

லெட்டர்பேடு ஏன் போதாது? தரையில் திடமாக இருப்பது வேறு, நீருக்கடியில் வேறு. கழுத்தளவு நீரில் இறங்கியதுமே கால்களில் இருக்கும் ரத்தம் மார்புப் பக்கம் ஏறி இதயத்துக்கு வேலை கூடுகிறது. பிரஷர் கட்டுக்குள் இல்லாதவருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. உங்கள் மாத்திரை பீட்டா பிளாக்கர் வகை என்றால், உடலுக்குக் கடும் வேலை வரும்போது இதயத்துடிப்பு தேவைக்கேற்ப ஏறாது, எதிர்நீரோட்டத்தில் சிரமப்படுவீர்கள். அதனால் டாக்டர் டிரெட்மில் டெஸ்ட் எழுதினால் முகம் சுளிக்காதீர்கள். மூன்று பக்கத்தையும், மாத்திரைச் சீட்டையும், சமீபத்திய பிரஷர் அளவுகளையும், ஈசிஜி இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். கையெழுத்து கிடைத்த பிறகு பணம் கட்டுவதே புத்திசாலித்தனம்.

கேள்வி: சின்ன வயதில் வீசிங் இருந்தது. இப்போது இன்ஹேலரே தொடுவதில்லை. அதை எழுதாமல் விட்டால் என்ன?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: எழுதிவிடுங்கள். எழுதினாலே தள்ளிவிடுவார்கள் என்பது வீண் பயம். நுரையீரல், மூச்சு பற்றிய முதல் கேள்விக்கு ‘ஆம்’ போட்டதும், கடந்த 12 மாதத்தில் ஓடியாட முடியாதபடி ஆஸ்துமா இருந்ததா என்று அடுத்த பக்கம் கேட்கும். அந்தக் கட்டத்தில் இருப்பவை அனைத்துக்கும் உண்மையிலேயே ‘இல்லை’ என்றால் அந்த வகையில் தடையில்லை. ஆனாலும் ஒரு ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் மூச்சுத்திறன் சோதனை) எடுத்துப் பார்ப்பது நல்லது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் மட்டும் இழுப்பு வருகிறது என்பவர் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

காரணம் இதுதான்: 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கே இழுத்த காற்று சுருங்கிய மூச்சுக்குழலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், மேலே வருவதற்குள் இரு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்து காற்றுக்குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். நீச்சல்குள ஆழத்திலேயே இது நடக்கக்கூடும் என்பதால் ‘சும்மா ஒரு முறை இறங்கிப் பார்க்கிறேன்’ என்பவருக்கும் இதே ஃபார்ம்தான்.

கேள்வி: மெடிக்கல் முடிந்தது. டைவிங் அன்று ஜலதோஷம் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா?
- வாசகர், குழித்துறை

பதில்: கூடாது. இறங்கும்போது மூக்கடைப்பு திறந்திருக்கும். அடியில் இருக்கும்போது மாத்திரை வேகம் தணியும். ஏறும்போது சைனஸிலும் காதுக்குள்ளும் விரியும் காற்றுக்கு வழி இருக்காது. இறங்கும்போது காது அடைத்தால் கொஞ்சம் மேலே வந்து சரிசெய்யலாம். ஏறும்போது அடைத்தால், சிலிண்டரில் காற்று தீரத் தீர மேலே வந்தே ஆக வேண்டும். தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: கோவளத்தில் டைவ் முடித்த கையோடு பொன்முடி மலைக்குப் போகலாமா?
- வாசகி, பாறசாலை

பதில்: அன்றே வேண்டாம். டைவில் உடலில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது குமிழியாகலாம். அதனால் 600 மீட்டருக்கு மேல் ஏறுவதை விமானப் பயணம் போலவே கணக்கிட வேண்டும்; பொன்முடி 1,000 மீட்டரைத் தாண்டியது. ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் பொறுத்து ஏறுங்கள். பொன்முடியை முதல் நாளே பார்த்துவிட்டுக் கடலுக்கு வந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.