ஃபேக்டரியில் வேலை பார்க்காதவர் சப்ளை செயின் பாடம் எப்படி நடத்துகிறார்?

"ஆபரேஷன்ஸ், சப்ளை செயின் நடத்தும் பேராசிரியர்களில் பலர் ஒரு குடோனில்கூட வேலை பார்த்ததில்லை, இவர்கள் செய்யும் ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்பது கேள்வி. கேட்ட தோரணையைப் பார்த்தால் நீங்கள் எம்பிஏ முதல் வருஷம் முடிக்கப் போகிறவர், ஸ்பெஷலைசேஷன் ஃபாரம் கையில் இருக்கிறது, ஸ்லைடை அப்படியே வாசிக்கும் ஒருவரிடம் ஒரு செமஸ்டர் மாட்டி வெறுத்துப் போயிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வெறுப்பில் தப்பே இல்லை. எல்லா வாத்தியார்களுக்கும் வக்காலத்து வாங்க நான் வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே கமெண்டில் வந்து பிடித்துக்கொள்வீர்கள்.

நானும் அந்த ஜாதிதான். சேலம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இதே பாடம், அதாவது சரக்கை எப்படிச் செய்து எப்படிக் கடை வரை கொண்டு சேர்ப்பது என்பதை, நடத்துகிறேன். எந்த ஃபேக்டரியிலும் சம்பளத்துக்கு வேலை பார்த்ததில்லை. ஆனால் ஃபேக்டரி வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், நிறைய.

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஃபேக்டரி, என் பழைய மாணவனின் மாமனாருடையது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டி, தொட்டியில் மாவு படியவிட்டு, அதைக் குருணையாக்கி, வறுத்து, களத்தில் காயப்போட்டால் ஜவ்வரிசி. சக்கை திப்பி என்று மாட்டுத்தீவனத்துக்குப் போகும். பொங்கல் கழிந்த சீசனில் அந்த ஃபேக்டரி வாசலில் கிழங்கு லாரிகள் ரோடு வரைக்கும் நிற்கும். மாமனாருக்கு ஒரே முடிவு, அரவை மெஷின் போதவில்லை, இன்னொன்று வாங்க வேண்டும். கொட்டேஷன்கூட வாங்கி வைத்துவிட்டார். மாணவன்தான், "சார், நீங்க கிளாஸ்ல க்யூயிங் தியரி எல்லாம் சொல்லுவீங்களே, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க" என்று இழுத்துக்கொண்டு போனான். க்யூயிங் தியரி என்றால் வரிசையில் காத்திருப்பதைப் பற்றிய கணக்கு.

நான் செய்தது பெரிய வித்தை இல்லை. எடைமேடை பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வண்டியும் வந்த நேரம், எடை போட்ட நேரம், மாவுச்சத்து பாயிண்ட் பார்த்த நேரம், இறக்கி முடித்த நேரம் என்று நோட்டில் எழுதினேன். ஒரு டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாத்தியாருங்களா? பள்ளிக்கூடம் லீவுங்களா இன்னைக்கு?" என்று கேட்டார். இன்னொருவர் நான் ஆர்டிஓ ஆள் என்று நினைத்து வண்டியைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தினார்.

வாசலில் இருக்கிற ஆள் ஒரு கிழங்கை எடுத்து முழங்காலில் வைத்து இரண்டாக உடைப்பார். புதுக் கிழங்கு என்றால் உள்ளே பால் வெள்ளை. பிடுங்கி இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தால் தோலுக்கு உள்பக்கம் நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடியிருக்கும். அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும், ஏனென்றால் அப்புறம் நடக்கும் பேரத்தில் அவர் பக்கம் கை ஓங்கிவிட்டது. பிறகு சாம்பிளைக் காற்றில் ஒரு எடை, தண்ணீருக்குள் ஒரு எடை போட்டு மாவுச்சத்து பாயிண்ட் சொல்வார்கள். விலையே பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான். பிடுங்கி நேரம் ஆக ஆக சத்து குறையும், பாயிண்ட் இறங்கும். அதாவது லாரி வாசலில் நிற்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விவசாயி காசு கொடுத்துக்கொண்டிருக்கிறான். வண்டி வெயிட்டிங் சார்ஜ் வேறு. ஃபேக்டரி கணக்குப் புத்தகத்தில் இது ஒரு வரிகூட வராது. மாமனார் கெட்டவர் இல்லை, அவருடைய நோட்டில் இல்லாத நஷ்டம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இங்கேதான் எங்கள் படிப்பு வருகிறது. வரிசையில் சராசரியாக எத்தனை வண்டி நிற்கிறதோ, அதை மணிக்கு எத்தனை வண்டி உள்ளே போகிறதோ அதால் வகுத்தால் ஒரு வண்டியின் சராசரிக் காத்திருப்பு. 12 வண்டி நிற்கிறது, மணிக்கு 2 இறங்குகிறது என்றால் 6 மணி நேரம். இது பொது அறிவுதானே என்பீர்கள். சரி, பொது அறிவுதான். ஆனால் இது எந்த மாதிரி வரிசைக்கும் பொருந்தும் என்று ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்த பிறகுதான் நம்பிக் கையில் எடுக்க முடிந்தது. அடுத்தது பொது அறிவுக்கு எட்டாதது. ஒரே வாசல், வண்டிகள் முன்னப்பின்ன வருகின்றன, இறக்கும் நேரமும் முன்னப்பின்ன ஆகிறது என்ற எளிய மாதிரியில், வாசல் 80 சதவீத நேரம் வேலையாக இருந்தால் சராசரியாக 4 வண்டி இருக்கும். 90 ஆனால் 9. 95 ஆனால் 19. வேலை கொஞ்சம்தான் கூடுகிறது, வரிசை எகிறிவிடுகிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எத்தனை லைன் போடுவது என்று கோபன்ஹேகனில் எர்லாங் என்பவர் 1909-ல் ஆரம்பித்த கணக்கு, ஆத்தூர் ரோட்டில் லாரிக்கும் அதுதான்.

நோட்டைக் கூட்டிப் பார்த்தால், அரவை மெஷின் காலையில் பாதி நேரம் கிழங்கில்லாமல் நிற்கிறது, மூன்று மணிக்கு மேல் மூச்சு முட்டுகிறது. "மெஷின் சும்மா நிக்கறது எனக்குத் தெரியாதுங்களா வாத்தியாரே, கிழங்கு அப்படித்தான் வரும்" என்றார் மாமனார். ஏன் அப்படி வருகிறது? எல்லாக் காட்டிலும் ஆட்கள் காலையில் இறங்கி, மதியத்துக்குள் பிடுங்கி, ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள், புரோக்கரும் ஒரே போனில் எல்லோருக்கும் "அனுப்பு" என்கிறார். இன்னொரு மெஷின் வாங்கினால் காலையில் இரண்டும் நிற்கும். சாயங்காலம் இரண்டும் அரைக்கிற பாலைப் படியவிடத் தொட்டி இல்லை, காயப்போடக் களம் இல்லை. கொட்டேஷன் டிராயருக்குள் போனது.

அதற்கு மேல் நடந்தது கணக்கு இல்லை, பேச்சு. பக்கத்துக் காட்டுக் கிழங்கை வெயில் தாழப் பிடுங்கி, இரவு ஏற்றி, விடிகாலை வாசலுக்கு வரவைப்பது, தூரத்து வண்டிகளுக்கு மட்டும் சாயங்காலம் என்று புரோக்கர் போனில் நேரம் சொல்வது. "சாயங்கால வேலைக்கு எந்த ஆள் வரும்?" என்றார்கள். கேட்டுப் பார்த்ததில் இரண்டு குழு பெண்கள் காலையில் வீட்டு வேலை முடியும் என்று சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள், அவர்களிடம் அதுவரை யாரும் கேட்டதே இல்லை. வரிசை ரோட்டை விட்டு உள்ளே போனது. முழுசாகத் தீர்ந்ததா என்றால் இல்லை. விலை ஏறுகிற வாரத்தில் நேரத்தையெல்லாம் யார் மதிக்கிறார்கள், எல்லா வண்டியும் ஒரே நேரத்தில்தான் வந்து நிற்கும்.

"இதை ஒரு நல்ல சூப்பர்வைசர் செய்ய மாட்டாரா?" செய்வார். ஆனால் சூப்பர்வைசருக்கு வாசலுக்கு உள்ளே நடப்பதுதான் பொறுப்பு. புரோக்கருக்கு கமிஷன், டிரைவருக்கு வாடகை, விவசாயிக்கு பாயிண்ட். அந்த இடத்தில் வாங்கவும் விற்கவும் ஒன்றுமில்லாமல் எல்லோருடைய நஷ்டத்தையும் ஒரே நோட்டில் எழுத முடிந்த ஆள் நான் ஒருவன்தான். பேராசிரியருக்கு என்ன வேலை என்று கேட்டால் இதுதான் என் பதில்.

அதைக் கட்டுரையாக எழுதி ஒரு ஜர்னலுக்கு அனுப்பினேன். கோட்பாட்டளவில் புதிதாக ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தது. அவர்கள் பார்வையில் சரிதான், 1961-லேயே முடிந்த கணக்கு. ஆனால் கல்லூரியில் வருஷ மதிப்பீட்டில் ஸ்கோபஸ் என்ற பட்டியலில் உள்ள ஜர்னலில் வரும் கட்டுரைக்குத்தான் மதிப்பெண், வரிசை குறைந்ததற்கு ஃபாரத்தில் கட்டமே கிடையாது. அந்த ஃபாரத்தில் வேறு என்ன கட்டம் இருக்கிறது தெரியுமா? அட்மிஷன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஆளுக்கு ஒரு லிஸ்ட் கொடுத்து, பிஎச்டி முடித்தவனை ஓமலூர், மேச்சேரி, வாழப்பாடி என்று பிரவுச்சர் பையோடு வீடு வீடாக அனுப்புகிறார்கள். இத்தனை சீட் பிடித்தால்தான் இன்கிரிமென்ட். ஒரு வீட்டில் அந்த அம்மா நான் லோன் வசூலுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து, "அவரு ஊர்ல இல்லீங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். ரிசர்ச் ஏன் செய்யவில்லை என்று எங்களைக் கேட்பவர்கள் மே மாத வெயிலில் எங்களோடு ஒரு நாள் வரலாம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதை எங்கே சொல்வது?

சரி, வகுப்புக்கு வருகிறேன். அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபாரெஸ்டர் என்ற பேராசிரியரின் குழு 1960 வாக்கில் உருவாக்கிய ஒரு விளையாட்டு இருக்கிறது, அங்கே பீர் வைத்து ஆடுவார்கள், நான் ஜவ்வரிசி வைத்து ஆடுகிறேன். புனேயில் ஒரு கடை, அங்கே ஒரு மொத்த வியாபாரி, சேலத்தில் ஒரு வியாபாரி, கடைசியில் ஃபேக்டரி. நான்கு குழு, ஒருவருக்கொருவர் பேசக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் போகும், சரக்கு வரச் சில வாரம் ஆகும். கடையில் வாரம் 4 மூட்டை போய்க்கொண்டிருக்கும், 5ஆம் வாரத்தில் 8 ஆகி அப்படியே நிற்கும். மாற்றம் அவ்வளவுதான். விரத சீசன், சாபுதானா கிச்சடி என்று கதை சொல்லிவிடுவேன். ஃபேக்டரி குழுவுக்கு வரும் ஆர்டர் 20, 30 என்று ஏறி, அப்புறம் பல வாரம் பூஜ்யத்தில் கிடக்கும். ஏற்காடு மலைப்பாதையில் ஞாயிற்றுக்கிழமை முன்னால் போகிற கார் ஒரு வளைவில் லேசாக பிரேக் தொட்டால் பின்னால் பத்தாவது கார் முழுசாக நின்றுவிடுமே, அதே சங்கதி. ஆட்டம் முடிந்ததும் ஃபேக்டரி குழு, "கஸ்டமர் பைத்தியம் மாதிரி ஆர்டர் போடறான் சார்" என்று சண்டைக்கு நிற்கும். கடையின் உண்மையான விற்பனையை போர்டில் வரைந்து காட்டினால் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள்.

இதற்கு புல்விப் (சாட்டை) எஃபெக்ட் என்று பெயர். 1997-ல் ஹாவ் லீ என்ற பேராசிரியரும் கூட இருந்தவர்களும் எழுதிய கட்டுரையில், பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியின் பாம்பர்ஸ் டயப்பரை உதாரணம் காட்டினார்கள். குழந்தைகள் வாரா வாரம் ஒரே அளவில்தான் டயப்பரை நனைக்கின்றன, ஆனால் மேலே போகப் போக ஆர்டர் தாறுமாறாக ஆடுகிறது. எங்கள் ஊரில் இது இன்னும் கொடுமை, ஏனென்றால் ஃபேக்டரிக்குப் பின்னால் கிழங்குக் காடு இருக்கிறது, அந்த மெஷினை இன்று போட்டால் 10 மாதம் கழித்துத்தான் சரக்கு தரும். இந்த வருஷ விலையைப் பார்த்துக் கரணை (நடுவதற்கு வெட்டிய தண்டு) நடுகிறவர்கள் எல்லோரும் அடுத்த வருஷம் ஒன்றாக வாசலில் வந்து நிற்கிறார்கள். என் சித்தப்பா அதில் இரண்டு முறை அடிபட்டு இப்போது பாதிக் காட்டில் மக்காச்சோளம் போடுகிறார். என்னிடம் யோசனை கேட்டாரா என்றால் இல்லை, வீட்டில் நான் இன்னும் சின்னப் பையன்.

ஃபாரத்தில் எதை டிக் செய்வது என்பதுதானே உங்கள் பிரச்னை? உங்கள் ஊர் பெட்ரோல் பங்க் வரிசையோ, ஜிஎச்சில் ஓபி சீட்டு வரிசையோ, எதையாவது எடுத்துக்கொண்டு போய் அந்தப் பேராசிரியரிடம் சொல்லிப் பாருங்கள். "மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள்?" என்று திருப்பிக் கேட்டால் தயங்காமல் சேருங்கள். "சிலபஸில் எந்த யூனிட்?" என்று கேட்டால் ஃபைனான்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.